வீட்டு நாய், பூனைகளுக்குக் கருத்தடை: உடையவர் கடமையும் ஊரார் நன்மையும்

நெசவாளர் வீட்டிலும் உழவர் வீட்டிலும் நாயும் பூனையும் அலங்காரத்துக்காக வளர்க்கப்படுவன அல்ல. கஞ்சி தோய்ந்த பாவை எலி கடித்துவிட்டால் பல நாள் உழைப்பு வீணாகும். நெல் மூட்டையில் எலி புகுந்தால் வீட்டுச் சாப்பாடும் விதையும் ஒருங்கே குறையும். ஆகவே தறிவீட்டில் பூனைக்கு என்றும் இடம் உண்டு. களத்து மேட்டில் தானியம் குவிந்து கிடக்கும் இரவிலும், காட்டில் ஆட்டுப்பட்டி அடைத்திருக்கும் இரவிலும், நாயின் குரலை நம்பியே உழவன் கண்ணயர்கிறான். இவ்விரு பிராணிகளும் நம் தொழிலில் நமக்குத் துணைவர்கள் என்று சொன்னால் அது மிகையாகாது.

துணை செய்கின்ற பிராணிகளிடத்து நமக்குச் சில கடமைகள் உண்டு. வேளாவேளைக்கு உணவிடுதல், நோய் கண்டபோது மருந்து கொடுத்தல் ஆகியவற்றை யாவரும் அறிவர். ஆனால் அவை வரம்பின்றிக் குட்டி ஈனாதபடி பார்த்துக்கொள்வதும் அக்கடமைகளுள் ஒன்று என்பதைப் பெரும்பாலோர் இன்னும் எண்ணிப் பார்க்கவில்லை. நாய், பூனைகளுக்குக் கருத்தடை அறுவை ஏன் செய்விக்க வேண்டும், அதனால் விளையும் நன்மைகள் யாவை, அதைப் பற்றி மக்கள் கொண்டுள்ள ஐயங்களுக்கு விடை என்ன, சங்கம் இதில் செய்யத்தக்கது யாது என்பனவற்றை இப்பாடத்தில் முறையாக ஆராய்வோம்.

வேண்டாத குட்டிகள் எங்கே போகின்றன?

தெருவில் திரியும் நாய்களைக் கண்டு நாம் அனைவரும் குறைகூறுகிறோம். பஞ்சாயத்து ஏன் பிடிக்கவில்லை, நகராட்சி ஏன் கவனிக்கவில்லை என்று கேட்கிறோம். அந்நாய்கள் எங்கிருந்து வந்தன என்ற கேள்வியை மட்டும் கேட்பதில்லை. அவற்றுள் பல தெருவிலேயே பிறந்தவை, உண்மைதான். ஆயினும் ஒரு பகுதி வீடுகளில் பிறந்து தெருவுக்கு அனுப்பப்பட்டவை.

இது நடக்கும் முறையை நாம் எல்லோரும் அறிவோம். வீட்டுப் பெண் நாய் ஐந்தாறு குட்டி ஈனுகிறது. கேட்டு வருகிறவர்கள் ஆண் குட்டியாகப் பார்த்து ஒன்றோ இரண்டோ எடுத்துச் செல்கிறார்கள். எஞ்சிய பெண் குட்டிகளை யாரும் ஏற்பதில்லை. ஒரு மாதம் கழிந்ததும் அவை சாக்கிலிடப்பட்டுச் சந்தைப்பேட்டைக்கோ, கோவில் மண்டபத்துக்கோ, இறைச்சிக்கடை ஓரத்துக்கோ, பக்கத்து ஊர் எல்லைக்கோ போய்ச் சேருகின்றன. பூனைக் குட்டிகளின் கதியும் இதுவே. விட்டு வந்தவர், "எங்கேனும் பிழைத்துக்கொள்ளும்" என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறார். பல குட்டிகள் பசியாலும், நோயாலும், வண்டிச் சக்கரத்தாலும் மடிகின்றன. பிழைத்தவை ஓராண்டுக்குள் தாமும் ஈனத் தொடங்குகின்றன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆணை வைத்துக்கொண்டு பெண்ணை வெளியே விடுகிறோம். இனத்தைப் பெருக்குவது பெண்ணே ஆதலால், பெருக்கத்துக்கு வேராயிருப்பதையே தேடித் தெருவில் நடுகிறோம். பிறகு அது முளைத்து வளர்ந்ததைக் கண்டு வருந்துகிறோம்.

கணக்கைச் சற்றே பார்ப்போம்

பெண் நாய் பெரும்பாலும் 6 மாதத்திலிருந்து 12 மாத வயதுக்குள் முதன்முறையாகப் பருவத்துக்கு வருகிறது. சினைக்காலம் ஏறக்குறைய 63 நாட்கள். ஓர் ஈற்றுக்குப் பொதுவாக 4 முதல் 6 குட்டிகள். நன்கு உணவு பெறும் வீட்டு நாய் ஆண்டுக்கு இருமுறையும் பருவத்துக்கு வரக்கூடும். நம் நாட்டுத் தெரு நாய்கள் பெரும்பாலும் மழைக்காலத்தின் பிற்பகுதியில் கூடி, குளிர்காலத்தில் ஈனுகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் நாய்கள் கூட்டம் கூட்டமாகத் திரிவதை ஊரில் வளர்ந்த எவரும் பார்த்திருப்பர்.

பூனையின் வேகம் இன்னும் அதிகம். பெண் பூனை 4, 5 மாத வயதிலேயே பருவமடைவதுண்டு. அதன் சினைக்காலம் சுமார் 9 வாரம். ஆணோடு கூடினால்தான் அதன் உடலில் கருமுட்டை வெளிப்படும் என்பது இயற்கை அமைப்பு. ஆகவே கூடல் பெரும்பாலும் வீண்போவதில்லை. குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அது மறுபடி சினைப்படவும் கூடும். ஆண்டுக்கு இரண்டு, மூன்று ஈற்று என்பது பூனைக்கு அருமையன்று.

ஓர் ஊரில் 20 வீடுகளில் பெண் நாய் வளர்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஓர் ஈற்று, ஓர் ஈற்றுக்கு 5 குட்டி என்று குறைவாகவே கணக்கிட்டாலும் 100 குட்டிகள் ஆகின்றன. அவ்வூரில் புதிதாக நாய் வேண்டும் என்பவர் 15 வீட்டார் இருக்கலாம். மீதி 85 குட்டிகளுக்கு வீடில்லை. அடுத்த ஆண்டும் இதே கணக்கு மறுபடி தொடங்குகிறது. ஒரு நாயிலிருந்து ஆறேழு ஆண்டில் பல்லாயிரம் நாய்கள் தோன்றும் என்று சிலர் எழுதுவதுண்டு. அது பிறந்தவை யாவும் பிழைத்திருக்கும் என்று கொண்டு போட்ட காகிதக் கணக்கு. அதை நாம் நம்ப வேண்டுவதில்லை. பெரும்பாலான தெருக் குட்டிகள் வளர்வதற்கு முன்பே மடிந்துவிடுகின்றன. ஆனால் அதுவே ஆறுதலாகுமா? சாவதற்கென்றே குட்டிகளைப் பிறப்பிக்கிறோம் என்பதல்லவா அதன் பொருள்?

இழப்பு யாருக்கு?

2024, 2025 ஆகிய ஆண்டுகளில் திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் நடந்தவை செய்தித்தாள்களில் வெளிவந்தன. காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலை ஆகிய வட்டாரங்களில் இரவில் நாய்க் கூட்டங்கள் ஆட்டுப்பட்டிகளில் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றன. உழவர்கள் இறந்த ஆடுகளோடு வந்து இழப்பீடு கேட்டுப் போராட நேர்ந்தது. அப்பகுதி மழை குறைந்த மேட்டுக்காடு. கொறங்காட்டு மேய்ச்சலும் ஆடுமாடும் அங்குள்ள குடும்பங்களுக்கு முக்கிய ஆதாரம். வெள்ளாமை பொய்த்த ஆண்டில் கைகொடுப்பது ஆடு. பிள்ளையின் பள்ளிச் செலவும், மகளின் திருமணச் செலவும், வைத்தியச் செலவும் ஆட்டை விற்றே நடக்கின்றன. ஒரே இரவில் பட்டி அழிவதென்பது அக்குடும்பத்தின் சேமிப்பு முழுதும் அழிவதாகும்.

நாய் பசிக்காக மட்டும் ஆட்டைக் கடிப்பதில்லை. கூட்டமாகச் சேர்ந்த நாய்கள் பட்டிக்குள் புகுந்தால், மிரண்டு ஓடும் ஆடுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடித்துப் போட்டுவிடும்; உண்பது சிறிதே. மேலும், அக்கூட்டத்தில் உடையவனற்ற நாய்கள் மட்டுமே இருக்கும் என்றும் சொல்வதற்கில்லை. பகலில் வீட்டு வாசலில் படுத்திருக்கும் நாய், பருவகாலத்து இரவில் அவிழ்த்துவிடப்பட்டால், பெண் நாயைத் தொடர்ந்து சென்று கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளக்கூடும்.

சென்னிமலை தறிக்குப் பெயர் பெற்ற ஊர். சுற்றுப்புறக் காடுகளோ ஆடு வளர்ப்பவை. தறிக்காரர் வீதியில் விடப்பட்ட குட்டி, ஈராண்டு கழித்துக் காட்டுக்காரர் பட்டியில் புகலாம். காட்டுக்காரர் சாக்கில் கட்டிக் கொணர்ந்து விட்ட குட்டி, தறிக்காரர் பிள்ளையைக் கடிக்கலாம். ஒருவர் தம் வீட்டில் மிச்சப்படுத்திய செலவை மற்றொருவர் தலையில் ஏற்றுகிறார். ஒருவர் நட்டத்தில் மற்றொருவர் இலாபம் காண்பது கூட்டுறவுக்கு மாறானது என்று நாம் படித்திருக்கிறோம். இதுவும் அதில் ஒரு வகையே.

வெறிநோய்

ஆட்டின் இழப்பைப் பணத்தால் ஈடுசெய்யலாம்; வெறிநாய்க் கடியால் வரும் இழப்பை எதனாலும் ஈடுசெய்ய இயலாது. நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. உலகில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 59,000 பேர் இந்நோயால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. மனிதருக்கு வரும் வெறிநோயில் 100க்கு 99 நாயின் மூலமே வருகிறது. சந்தேகத்துக்குரிய பிராணிகளால் கடியுறுவோரில் 10 பேருக்கு 4 பேர் 15 வயதுக்குட்பட்ட சிறுவர்கள்.

இந்நோய்க்குத் தடுப்பு மருந்து புதிதன்று. பிரான்சு நாட்டில் லூயி பாஸ்டர் 1885ஆம் ஆண்டில் வெறிநாய் கடித்த ஒரு சிறுவனுக்குத் தம் தடுப்பு மருந்தைச் செலுத்திக் காப்பாற்றினார். நம் நாட்டில் குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907ஆம் ஆண்டிலேயே ஏற்பட்டுவிட்டது. இவ்வளவு காலம் சென்றும் நோய் ஒழியாமைக்கு ஒரு முக்கிய காரணம், தடுப்பூசி போடப்படாத நாய்கள் ஆண்டுதோறும் புதிது புதிதாகப் பிறந்துகொண்டே இருப்பதாகும். ஓர் ஊர் நாய்களில் 100க்கு 70 நாய்களுக்குத் தடுப்பூசி போட்டால் நோயின் பரவல் அறுபடும் என்பது நிபுணர் கொள்கை. இவ்வாண்டு 70 ஆக இருந்த கணக்கு, அடுத்த ஆண்டில் ஊசி போடாத குட்டிகள் வந்து கலந்தவுடன் குறைந்துவிடுகிறது. அடியில் ஓட்டையுள்ள தொட்டியில் நீர் நிரப்புவது போன்றது இது. கருத்தடை அந்த ஓட்டையை அடைக்கிறது.

இங்கே ஓர் அவசரக் குறிப்பு. நாய் அல்லது பூனை கடித்தாலும், பிறாண்டினாலும், புண்ணில் எச்சில் பட்டாலும், அவ்விடத்தை உடனே சோப்பும் ஓடுகின்ற நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய் முதலியவற்றை அப்புதல் கூடாது. தாமதமின்றி மருத்துவரிடம் சென்று, அவர் குறிக்கும் நாட்களில் ஊசிகள் அனைத்தையும் போட்டுக்கொள்ள வேண்டும். கடித்தது சிறு குட்டிதானே என்று அலட்சியம் செய்வது உயிருக்கு உலை வைப்பதாகும்; குட்டிக்கும் வெறிநோய் வரும்.

கொன்றுவிட்டால் தீராதா?

இக்கேள்வியைப் பலர் கேட்கின்றனர். சென்னை மாநகரின் வரலாறு இதற்கு விடை கூறுகிறது. அங்கே மாநகராட்சி நெடுங்காலம் நாய்களைப் பிடித்துக் கொன்று வந்தது. தெரு நாய்கள் தீரவில்லை, வெறிநோயும் தீரவில்லை. சென்னையில் 1959ஆம் ஆண்டில் தோன்றிய புளூ கிராஸ் என்னும் பிராணி நலச் சங்கம், கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்து தடுப்பூசி போட்டு அவ்வவ்விடத்திலேயே திரும்ப விடுதல் என்ற முறையை 1964ஆம் ஆண்டு முதல் எடுத்துரைத்து வந்தது. 1996ஆம் ஆண்டில் மாநகராட்சி அதை ஏற்றது. பின்னர் 2001ஆம் ஆண்டில் மத்திய அரசு நாடு முழுமைக்கும் இதற்கென விதிகளை வகுத்தது. 2023ஆம் ஆண்டில் அவற்றுக்குப் பதிலாகப் புதிய விதிகள் வந்தன.

கொல்வதனால் எண்ணிக்கை ஏன் குறைவதில்லை? ஓரிடத்தில் எத்தனை நாய் வாழும் என்பதை அங்கே கிடைக்கும் எச்சில் உணவும் இறைச்சிக் கழிவுமே முடிவு செய்கின்றன. பாதி நாய்களைக் கொன்றால் எஞ்சியவற்றுக்கு உணவு மிகுதியாகிறது. அவை ஈனும் குட்டிகள் அதிகம் பிழைக்கின்றன. பக்கத்துத் தெருவிலிருந்தும் புதிய நாய்கள் வந்து காலியிடத்தை நிரப்புகின்றன. கருத்தடை செய்த நாயோ தன் இடத்தை விட்டுக்கொடாமல் காவல் காத்து, குட்டியும் ஈனாமல் தன் காலத்தைக் கழிக்கிறது.

இராசத்தான் மாநிலத்துச் செயப்பூர் நகரில் 1994ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து 2002 வரை இம்முறை இடைவிடாது நடந்தது. அக்காலத்தில் ஏறக்குறைய 25,000 நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்யப்பட்டன. பெண் நாய்களில் 100க்கு 65 இதில் அடங்கின. முடிவு என்ன? அப்பகுதியில் நாய்த் தொகை 100க்கு 28 வீதம் குறைந்தது. மனிதருக்கு வரும் வெறிநோய் அப்பகுதியில் இல்லாமற் போயிற்று. திட்டம் நடவாத பகுதிகளிலோ அது மிகுந்தது. எட்டாண்டுக் காலம் விடாது செய்ததனால் கிடைத்த பயன் இது. பத்து நாய்க்குச் செய்துவிட்டுப் பத்து மாதம் சும்மா இருந்தால் பயன் ஏதும் விளையாது.

ஆனால் தெரு நாய்களுக்கு அரசு எவ்வளவு செலவிட்டாலும், வீடுகளிலிருந்து புதிய குட்டிகள் தெருவுக்கு வந்துகொண்டிருக்குமாயின் அம்முயற்சி பாழாகும். ஆகவேதான் 2023ஆம் ஆண்டு விதிகள், வளர்ப்புப் பிராணிகளுக்குக் குடற்புழு நீக்கம், தடுப்பூசி, கருத்தடை ஆகியவற்றைச் செய்விப்பது உடையவரின் பொறுப்பு என்று கூறுகின்றன.

அறுவை எத்தகையது?

உழவருக்குக் காயடித்தல் புதிய செய்தியன்று. உழவு மாட்டுக்கும் வண்டி மாட்டுக்கும் தலைமுறை தலைமுறையாகக் காயடித்து வருகிறோம். ஆண் நாய், ஆண் பூனைக்குச் செய்வதும் அதுவே. மயக்க மருந்து கொடுத்து மருத்துவர் விதைகளை நீக்குகிறார். பெண்ணுக்கு வயிற்றில் சிறு துளையிட்டுச் சினைப்பையையும், பெரும்பாலும் அதனோடு கருப்பையையும் நீக்குகிறார். பிராணி வலியை உணர்வதில்லை. மாட்டுக்குப் பயன்படுத்தும் இடுக்கியைக் கொண்டோ, கைப்பழக்கத்தைக் கொண்டோ வீட்டிலேயே இதைச் செய்ய முயல்வது கொடுமையும் ஆபத்தும் ஆகும்.

பூனைக்கு முதல் பருவம் வருமுன், அதாவது 4 அல்லது 5 மாத வயதிலும், நாட்டு நாய்க்குச் சுமார் 6 மாத வயதிலும் செய்விக்கலாம். உருவத்தில் பெரிய இன நாய்களுக்குச் சிறு வயதில் செய்தால் மூட்டு நோய்கள் வரக்கூடுமாதலால், சற்றுத் தாமதித்தல் நலம் என்று மருத்துவர் கூறுவதுண்டு. குட்டி ஈன்றிருப்பின் பால் மறந்தபின் அழைத்துச் செல்லலாம். பூனையாயின் அதுவரை வெளியே விடாமல் காக்க வேண்டும்.

அறுவைக்கு முன் எவ்வளவு நேரம் உணவு கொடாமல் இருக்க வேண்டும் என்பதை மருத்துவர் சொல்லுவார். அதைத் தவறாது கடைப்பிடிக்க வேண்டும். அறுவைக்குப் பின் ஏறக்குறைய 10 நாள் குளிப்பாட்டாமல், ஓடவிடாமல், தையலை நக்காதபடி கழுத்தில் காப்பு மாட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆண் பிராணி அறுவைக்குப் பின்னும் சில வாரம் சினைப்படுத்தும் ஆற்றலோடு இருக்கக்கூடும். ஆதலால் ஒரு மாத காலம் பெண்ணிடமிருந்து விலக்கி வைப்பது நல்லது.

ஆண், பெண் இரண்டில் எதை முதலில் கவனிப்பது? பொருள் குறைவாயின் பெண்ணையே முதலில் கவனிக்க வேண்டும். ஓர் ஊரில் பத்து ஆண் நாய்களில் ஒன்பதுக்குக் காயடித்தாலும், எஞ்சிய ஒன்று எல்லாப் பெண் நாய்களையும் சினைப்படுத்திவிடும். ஒரு பெண் நாய்க்குச் செய்தாலோ, அதன் வாழ்நாள் முழுதுக்குமான ஈற்றுகள் நின்றுவிடுகின்றன. ஆணுக்குச் செய்வதனால் ஊர் சுற்றுதல், பெண்ணைத் தேடிச் சண்டையிடுதல், கண்ட இடத்தில் சிறுநீர் தெளித்தல் ஆகியவை குறைகின்றன. நூலும் துணியும் வைத்திருக்கும் வீட்டில் ஆண் பூனை தெளிக்கும் நாற்றம் எத்தகையது என்பதை நெசவாளருக்குச் சொல்ல வேண்டுவதில்லை.

ஐயங்களும் விடைகளும்

"ஒரு முறையேனும் ஈன்றால்தான் உடம்புக்கு நல்லது" என்பர் சிலர். இதற்கு ஆதாரம் இல்லை. ஈனாமல் கருத்தடை செய்யப்பட்ட பெண் நாய்க்கு எக்குறையும் வருவதில்லை. மாறாக, கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு வயது ஏற ஏறக் கருப்பையில் சீழ் கோத்தல் என்னும் கொடிய நோய் வருவதுண்டு. உடனே அறுவை செய்யாவிடில் உயிர் போகும். கருப்பையும் சினைப்பையும் நீங்கிய நாய்க்கு அந்த அச்சம் இல்லை. முலைக் கட்டிகளும் இளமையில் கருத்தடை செய்தவற்றுக்குக் குறைவாகவே வருகின்றன. கூடலின் வழியாக நாய்க்கு நாய் தொற்றும் பிறப்புறுப்புக் கட்டி நம் நாட்டில் உண்டு. கூடல் இல்லையாயின் அது தொற்றுவதும் அரிதாகும்.

"காவல் நாய் சோம்பிவிடும், பூனை எலி பிடிக்காது" என்பர். வீட்டைக் காப்பதும் வேட்டையாடுவதும் நாய், பூனைகளின் பிறவிக் குணங்கள். பருவகாலத்தில் மூன்று நாள் காணாமற் போகும் நாயைவிட, வாசலில் கிடக்கும் நாயே நல்ல காவலன். அறுவைக்குப் பின் உணவுத் தேவை சற்றே குறைவதால், முன்போல் உணவிட்டால் உடல் பருக்கும். அதற்கு ஏற்றபடி உணவின் அளவைக் குறைத்தால் போதும்.

"வாயில்லாப் பிராணிக்குச் செய்யும் பாவம்" என்பர். அவர்கள் மனம் இரக்கமுடையது, அதை மதிக்கிறோம். எனினும் கண் திறந்து சில நாளே ஆன குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்துச் சாலையோரத்தில் விடுவது பாவமா, அவை பிறவாமலே தடுப்பது பாவமா என்று அவர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

"மருந்துக்கடை மாத்திரை கொடுத்தால் போதாதா?" என்பர். பருவத்தைத் தள்ளிப்போடும் மாத்திரைகளும் ஊசிகளும் உண்டு. அவற்றைத் தாமாகவே வாங்கிக் கொடுப்பதனால் கருப்பைச் சீழ் நோயும் முலைக் கட்டியும் வரும் ஆபத்து மிகுகிறது. செலவு குறைவு என்று எண்ணித் தொடங்கியது பெருஞ்செலவில் முடியும்.

"அறுவையில் ஆபத்தே இல்லையா?" என்பது நியாயமான கேள்வி. மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் எவ்வறுவையிலும் சிறிது ஆபத்து உண்டு. நலமாயுள்ள இளம் பிராணிக்குத் தேர்ந்த மருத்துவர் செய்யும்போது அது மிகக் குறைவு. பெண் நாய்கள் சிலவற்றுக்கு, முக்கியமாகப் பெரிய உடலுடையவற்றுக்கு, பிற்காலத்தில் சிறுநீர் கசிவு ஏற்படுவதுண்டு. அதற்கு மருந்து இருக்கிறது. ஆகவே நன்மை தீமைகளை மருத்துவரிடம் கேட்டறிந்தே செய்விக்க வேண்டும்.

"அப்படியாயின் நம் நாட்டு நாயினங்கள் அழிந்துபோகாவோ?" என்பதும் ஆராயத்தக்கது. இராசபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி ஆகியவை தமிழ்நாட்டின் செல்வங்கள். 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை இராசபாளையம் நாயின் படத்தோடு அஞ்சல் தலை வெளியிட்டது. இவ்வினங்களைக் காப்பவர், தேர்ந்த தாய் தந்தையரை வைத்து, குட்டிகளுக்கு முன்கூட்டியே வீடு பார்த்து, அளவோடு ஈன வைக்க வேண்டும். நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேர்த்ததன் விளைவாக இராசபாளையம் நாய்களில் காது கேளாதவை பிறக்கின்றன. இனத்தைக் காக்க வேண்டுவது தேர்ந்த இணைப்பேயன்றிக் கண்டபடி பெருக்குவதன்று. ஆதலால் இனவிருத்திக்கென வைத்திராத நாய்களுக்குக் கருத்தடை செய்வதால் நாட்டினங்களுக்குக் கேடு ஏதும் இல்லை.

சங்கம் செய்யத்தக்கவை

இக்காரியத்தில் தனி ஒருவர் முயற்சி ஓரளவே பயன் தரும். தம் நாய்க்குக் கருத்தடை செய்வித்த அங்கத்தினரின் பட்டியில், அண்டை வீட்டார் விட்ட குட்டியின் கூட்டம் புகுவதை அவரால் தடுக்க முடியாது. எல்லோரும் செய்தால்தான் எல்லோருக்கும் நன்மை. ஊர் கூடித் தேர் இழுப்பது போன்ற இத்தகைய காரியங்களுக்காகவே சங்கம் இருக்கிறது.

முதலாவதாக, அங்கத்தினர் வீடுகளில் உள்ள நாய், பூனைகளின் எண்ணிக்கை, ஆண் பெண் விவரம், தடுப்பூசி போட்ட நாள், கருத்தடை ஆயிற்றா இல்லையா என்பவற்றை ஒரு பதிவேட்டில் குறிக்கலாம். எண்ணிக்கை தெரியாத காரியத்துக்குத் திட்டம் போட இயலாது.

இரண்டாவதாக, சங்கத் தலைவர் வட்டாரக் கால்நடை மருத்துவமனைக்கு எழுதி, அறுவைக்கும் தடுப்பூசிக்கும் நாள் குறித்துக் கேட்கலாம். ஒவ்வொருவரும் தனித்தனியே வண்டி வைத்து அலைவதைவிட, ஐந்தாறு வீட்டார் ஒன்றுசேர்ந்து போனால் செலவும் குறையும். வேலை நாளும் வீணாகாது. ஐப்பசிப் பருவம் வருமுன், ஆடி மாதத்துக்குள் இதை முடித்துவிடுவது நலம்.

மூன்றாவதாக, துணை விதிகள் இடங்கொடுக்குமாயின், சங்கத்தின் பொது நல நிதியிலிருந்து ஏழை அங்கத்தினருக்கு மருந்துச் செலவில் ஒரு பகுதியை உதவலாமா என்று பொதுக்குழு ஆராயலாம். ஓர் ஆட்டின் விலையோடு இச்செலவை ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்வது நியாயமாக இருக்கும்.

நான்காவதாக, உடையவரற்ற தெரு நாய்களைப் பற்றி ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ சங்கத்தின் பெயரால் மனுச் செய்யலாம். அவற்றைப் பிடித்து அறுவை செய்விக்கும் பொறுப்பு உள்ளாட்சியுடையது. அங்கீகாரம் பெற்ற அமைப்புகளைக் கொண்டே அது செய்யப்பட வேண்டும். அங்கத்தினர் தாமாக நஞ்சு வைப்பதும் அடித்துக் கொல்வதும் சட்டத்துக்கு விரோதம். நஞ்சுண்ட இரை நம் கோழிக்கும் பூனைக்கும் குழந்தைக்கும் எமனாகும்.

ஐந்தாவதாக, இறந்த கோழியையும் இறைச்சிக் கழிவையும் சாலையோரத்திலும் வாய்க்காலிலும் கொட்டும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். கழிவு உள்ள இடத்தில் நாய்க் கூட்டம் நிலைபெறும். இரவில் வீட்டு நாயைக் கட்டி வைப்பதையும் வழக்கமாக்க வேண்டும்.

சங்கத்தில் நூல் பெறுகிறோம், உரம் பெறுகிறோம், கடன் பெறுகிறோம். பெறுவதோடு நில்லாமல், நம் வீட்டிலிருந்து பிறருக்குத் தீங்கு போகாதபடி காத்துக்கொள்வதும் அங்கத்தினர் கடமையே. நம் வீட்டு நாய்க்கு ஒரு நாள் செலவிட்டால், பெயர் தெரியாத ஒருவரின் ஆட்டுப்பட்டி தப்பும். முகம் தெரியாத ஒரு குழந்தை தப்பும். நன்றி கூற அவர்கள் நம்மிடம் வரப்போவதில்லை. அதனால் நாம் செய்த நன்மை குறைந்துவிடாது.

விவாதத்துக்குரிய வினாக்கள்

அங்கத்தினர் கூட்டத்தில் இப்பாடத்தைப் படித்தபின் கீழ்க்கண்டவற்றை ஆராய்க.

1. நம் ஊரில் சென்ற ஆண்டு வீடுகளில் பிறந்த நாய், பூனைக் குட்டிகள் எத்தனை? அவற்றுள் வீடு கிடைத்தவை எத்தனை?

2. ஆண் நாயைவிடப் பெண் நாய்க்கு முதலில் கருத்தடை செய்விக்க வேண்டும் என்பதன் காரணம் யாது?

3. நாய்களைக் கொல்வதால் எண்ணிக்கை நிலையாகக் குறையாதது ஏன்? கருத்தடையால் குறைவது எவ்வாறு?

4. நம் வட்டாரக் கால்நடை மருத்துவமனையில் அறுவை நடைபெறும் நாட்கள் யாவை? சங்கத்தின் சார்பில் விசாரித்து அடுத்த கூட்டத்தில் அறிவிக்கும் பொறுப்பை யார் ஏற்பது?

5. வரும் ஆடி மாதத்துக்குள் நம் அங்கத்தினர் வீட்டுப் பெண் நாய்கள், பூனைகள் அனைத்துக்கும் கருத்தடை செய்விக்க என்ன செலவாகும்? அதில் உடையவர் பங்கு எவ்வளவு, சங்கத்தின் பங்கு எவ்வளவு இருக்கலாம்?